பேர் கெட்ட வண்டி

நான் வாங்கிய முதல் காருக்கு, என் கைக்கு வரும் முன்பே ஊரில் ஒரு பேர் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் வீடு சாமளாபுரத்தில். கணவர் விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார். நான் அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்ட டி-ஷர்ட், அவர் கேட்ட நிறத்தில், கேட்ட அளவில் பெட்டிக்குள் போகும்வரை ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. நூலைத் துணியாக ஓட்டும் இடம், சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் இருக்கும். பல வருஷம் இதையெல்லாம் ஸ்கூட்டரிலேயே சுற்றினேன். முதுகுவலி வந்தது, டாக்டர் ஸ்கூட்டரை விடச் சொன்னார், கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் அப்பா அம்மா இரண்டு பேருமே பிறத்தியார் தறியில் நின்றவர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

சின்னக் கார் ஒன்று வாங்கத்தான் போனோம். பல்லடத்தில் பழைய கார் விற்கிற கன்சல்டிங் கடையில், சின்ன வண்டிகளுக்கெல்லாம் பின்னால் அது நின்றது. கருப்பு. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். முன்பக்கம் இரும்புக் குழாயில் மாட்டுக்கொம்பு போல ஒரு தடுப்பு, கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம், பின்கண்ணாடி முழுக்க வாய் பிளந்த சிங்கம். நம்பர் பலகையில் ஒரே எண் நான்கு முறை. என் கணவர் அதுவரை மொபெட்டைத் தவிர எதையும் ஓட்டாதவர். சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தவருக்கு இறங்க மனசு வரவில்லை.

"ஏம்புள்ள, இதுல உக்காந்தா ரோடே நம்முதாட்ட இருக்குது."

கடைக்காரர் சமயம் பார்த்துச் சொன்னார்: "ஒரே ஓனர் ஓட்டுன வண்டிங்க மேடம். ரோட்டுல எறக்குனீங்கன்னா ஒருத்தன் குறுக்க வரமாட்டான்."

விற்கிறவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள்தானே. விலையும் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. வாங்கிவிட்டோம்.

முதல் வாரம் நான் ராணி மாதிரி போனேன். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: அவை யாருக்கும் ஒதுங்காது. அப்படிப்பட்ட பஸ் ஒன்று கண்ணாடியில் என் வண்டியைப் பார்த்ததும் இடப்பக்கம் ஏறி வழிவிட்டது. பைக்கில் வந்தவர்கள் மண்ணில் இறங்கினார்கள். டீக்கடை முன்னால் ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு உள்ளே போனார்கள். எல்லாம் என் ஓட்டும் திறமைக்குக் கிடைத்த மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன். கற்றுக்கொடுத்தபடி இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக ஓட்டினால் ரோடு தானாக மரியாதை கொடுக்கும் போலிருக்கிறது என்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கணவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, இன்னைக்கு பஸ்சே எனக்கு ஒதுங்கிப் போச்சுங்க."

"நீ நல்லா ஓட்டறே புள்ள. அதானே," என்றார். அவருக்கும் பெருமைதான். தறிப்பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் மழை. காலையில் அருள்புரத்தில் கம்பெனிக்குத் திரும்புகிற கிளைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சாலையின் ஓரம் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம். எனக்கு முன்னால், நல்ல தூரத்தில், ஒரு பெண் ஸ்கூட்டரில் போனாள். நான் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் நினைக்கவில்லை. அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் வண்டியை ஒடித்துப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டாள். ஸ்கூட்டர் ஒரு பக்கம் விழுந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள், மதியச் சாப்பாட்டு டப்பா திறந்து சோறு தண்ணீரில் போனது.

நிறுத்திவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். முழங்காலில் ரத்தம். என்னைப் பார்த்துக் கும்பிடுவது போலக் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் ஒதுங்கிட்டேன் மேடம். ஒதுங்கித்தான் போனேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் ஹாரனே அடிக்கலீங்களே. எதுக்கு உள்ள எறக்குனீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்தாள்.

"அவரு வரலியா?"

"எவருங்க?"

"வண்டிக்காரரு."

"வண்டி என்னுதுங்க. இப்பத்தான் வாங்குனேன்."

அவள் அப்படியே ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அதானே பாத்தேன். அவரா இருந்தா எறங்கி வந்திருக்க மாட்டாரேன்னு," என்றாள்.

தேனிப் பக்கத்துப் பெண். அருள்புரத்திலேயே வேறொரு கம்பெனியில் டெய்லர். அந்த வண்டி எத்தனை வருஷமாக அந்தச் சாலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவள் அங்கேயே உட்கார்ந்து சொன்னாள். அதை ஓட்டியவர் பக்கத்தில் வந்து மோதுகிற மாதிரி நின்று, ரோட்டை விட்டு இறங்கும்வரை ஹாரன் அடிப்பாராம். ஷிஃப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும்போது தேங்கிய தண்ணீருக்குள் வேண்டுமென்றே ஏற்றுவாராம். இவளோடு வேலை செய்கிற ஒருத்தி வழிவிடத் தாமதித்தாள் என்று இறங்கி வந்து, ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டுப் போனாராம். அந்த எண்ணைப் பார்த்தாலே எல்லோரும் இறங்கிவிடுவார்களாம்.

"வண்டில ஏறுங்க, மருந்துக்கடையில கட்டுப் போட்டுட்டு உங்க கம்பெனில விடறேன்," என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. வேற எதுலயும் வாரேன். இதுல ஏற மாட்டேன்."

வண்டியைப் பூட்டிவிட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மருந்துக்கடைவரை நடந்தோம். என் புடவைக் கரையெல்லாம் சேறு. என் பையில் இருந்த சாப்பாட்டை அவளிடம் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. இரக்கம் ஒரு பக்கம். அதைவிட, உண்மையைச் சொன்னால், ரோஷம். அந்த ஒரு வாரம் நான் வாங்கிய மரியாதை எதுவும் என்னுடையதில்லை. இன்னொருவர் சேர்த்து வைத்த பயம். அதைப் போய் என் திறமை என்று ஊரெல்லாம் சொல்ல வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் கணவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "வித்துப்போடலாமா? இல்லாட்டி வெள்ளைப் பெயிண்ட் அடிச்சுப்போடலாம் புள்ள. ஆருக்கும் தெரியாது."

"நம்பரு அதேதானுங்களே."

"அப்ப வித்துப்போடலாம்."

"வண்டி என்னங்க பண்ணுச்சு? ஓட்டுனவரு சொன்னதைக் கேட்டுச்சு. இனி நான் சொல்றதைக் கேக்கட்டும். இதே கலர்லயே, இதே நம்பர்லயே பேரை மாத்திக் காட்டறேன், பாருங்க."

சொன்னது கோபத்தில். ஆனால் சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேடும் மண்ணெண்ணெயும் வைத்துச் சிங்கத்தைச் சுரண்டி எடுத்தோம். காது பாதி போனதும் பூனை மாதிரி ஆகிவிட்டது என்று கணவர் சிரித்தார். ஃபிலிமை உரித்தோம். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இரும்புத் தடுப்பைக் கழற்றினேன். கடைசியாக அந்த ஹாரன். லாரிக்குப் போடுகிற காற்று ஹாரன் அது. அழுத்தினால் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். மெக்கானிக்குக்கு அதைக் கழற்ற மனசே இல்லை.

"இந்த வண்டிக்கு இதானுங்க அழகே. இது இல்லாம எப்படீங்க ஓட்டுவீங்க?"

"ஸ்கூட்டர்ல என்ன ஹாரனு இருந்துச்சுங்க எனக்கு? அதுலயே பத்து வருஷம் ஓட்டலையா?"

சாதாரண ஹாரன் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அழுத்திப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து அத்தனை சின்னச் சத்தம் வந்ததும் ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நாங்கள் மரியாதைக்குப் பேர் போன ஊர்க்காரர்கள். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுவோம். "ஏனுங்க, அறிவு இருக்குதுங்களா?" என்று கேட்கிறவர்கள் நாங்கள். ஆனால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றியதும் அந்த 'ங்க' வெளியே நின்றுவிடுகிறது. ஹாரனுக்கு 'ங்க' போடத் தெரியாது. விளக்கை முழு வெளிச்சத்தில் எதிரில் வருகிறவன் கண்ணில் அடிப்பதற்கும் 'ங்க' கிடையாது. அடுத்தவர் கேட்டை மறித்து நிறுத்துவதற்கும், சிக்னல் பச்சையாகும் முன்பே பின்னாலிருந்து அலறுவதற்கும் கிடையாது. எங்கள் கம்பெனியில் தினமும் "வாங்க மேடம், சாப்டீங்களா" என்று கேட்கிற ஒரு அதிகாரி, ரோட்டில் ஒரு சைக்கிள்காரரை 'டேய்' என்று கத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

என் வேலையில் துணியைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்போம். வெளிப்பக்கம் எல்லாத் தையலும் நன்றாகத்தான் இருக்கும். உள்பக்கம்தான் நூல் பிசிறு தெரியும். அந்த நாட்களில் கம்பெனி வாசலில் நிற்கிற வண்டிகளையும் அப்படிப் பார்க்கப் பழகினேன். எங்கள் கணக்காளர் காரில் இடப்பக்கம் முழுக்கக் கீறல். மனிதர் பயந்து பயந்து சுவரை ஒட்டியே போகிறவர், கூட்டத்திலும் ஓரத்து நாற்காலிதான். கட்டிங் மாஸ்டர் காரில் சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை; வீட்டு சோபாவிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி சொன்னார். என் வண்டியை இப்படி யாராவது பார்த்தால் என்ன தெரியும்? இன்னொருவர்தான் தெரிவார். அதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

நினைத்த அளவுக்கு அது எளிதாக இல்லை. ரோட்டைக் கடக்க ஆட்கள் நின்றால் நான் வண்டியை நிறுத்துவேன். அவர்கள் கடக்க மாட்டார்கள். வண்டியை அடையாளம் தெரிந்துகொண்டு ஒரு அடி பின்னால் போவார்கள். நான் உள்ளிருந்து "போங்க, போங்க" என்று கை காட்டுவேன். அவர்கள் வெளியே நின்று "நீங்க போங்க, நீங்க போங்க" என்பார்கள். அதற்குள் என் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் ஹாரனில் கையை வைத்துவிடுவார்கள். முந்திப் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, பெண்ணென்று தெரிந்ததும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். "இடுப்புல கூடை தூக்கறவ கையில ஸ்டேரிங்கைக் குடுத்துட்டானுக" என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்கு வந்து அழவில்லை. மறுநாளும் அதே வழியில்தான் போனேன்.

முகம் தெரியாததுதான் பிரச்சினை என்று பட்டது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டத் தொடங்கினேன். சித்திரை வெயில், பல்லடம் ரோட்டுப் புழுதி. கம்பெனிக்குப் போகும்போது என் தலைமுடி சணல் மாதிரி நிற்கும். "ஏ.சி. ரிப்பேருங்களா மேடம்?" என்று கேட்டார்கள். "இல்லீங்க, காத்து வேணும்," என்றேன். எதிரே பைக் வந்தால் விளக்கைத் தணித்தேன். தண்ணீர் தேங்கிய இடத்தில் மாட்டுவண்டி வேகத்தில் போனேன். சைக்கிளில் சாரி சாரியாக வருகிற வடநாட்டுப் பையன்கள் நடுரோட்டில் பேசிக்கொண்டு போனால் அவர்கள் பேசி முடிக்கும்வரை பின்னால் போனேன்.

இப்படியே பல மாதம். ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரம். அருள்புரம் மெயின் ரோட்டில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நான் வழக்கம்போல நிறுத்தினேன். அவர்கள் வழக்கம்போலப் பின்வாங்கினார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி மட்டும் வெளியே வந்தாள். பள்ளத்தில் விழுந்த தேனிக்காரப் பெண்.

"ஏய், வாங்கடி. இது இப்ப அந்தாளு வண்டி இல்ல. அந்த அக்கா வண்டி. நிக்கும், வாங்க," என்று சொல்லிக்கொண்டே என் பம்பருக்கு முன்னால் நடந்து போனாள். போகிறபோது பானெட்டை ஒரு தட்டு தட்டினாள். மற்றவர்கள் அவள் பின்னாலேயே கடந்தார்கள். எத்தனையோ ஆர்டரைக் குறித்த நாளில் கப்பலேற்றியிருக்கிறேன். பாராட்டி மெயில் வந்திருக்கிறது. அன்றைக்குப் பட்ட சந்தோஷம் அதிலெல்லாம் கிடைத்ததில்லை.

அதற்கப்புறம் எனக்கு வழி கிடைப்பது குறைந்தது. பஸ்கள் ஒதுங்குவதை நிறுத்தின. டீக்கடைக்காரர்கள் டம்ளரோடு ரோட்டிலேயே நின்றார்கள். நான் தினமும் தாமதமாகப் போனேன். அதில் எனக்கிருந்த பெருமையைக் கணவரைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பழைய ஓனரை நான் சந்தித்தது வேலை விஷயமாகத்தான். அவர் மங்கலம் ரோட்டில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறவர். நிலபுலன் உள்ள பெரிய குடும்பம். எங்கள் கம்பெனிக்கு முதல்முறையாக பிரிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார். துணியை இழுத்தால் பிரிண்ட் வெடித்தது. வரச் சொன்னேன். வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். அவரைப் போல மரியாதையாகப் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை.

"சொல்லுங் அம்மிணி. தப்பு நம்ம மேலதானுங். மறுக்காப் பண்ணிக் குடுத்தறனுங்."

புது சாம்பிள் அவருடைய யூனிட்டில் தயாராக இருந்தது. பார்க்க நான் கிளம்பினேன். அவருடைய கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அவரை யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். "நம்ம வண்டில வாங்க," என்றேன். வாசலுக்கு வந்தவர் நின்றுவிட்டார். நம்பரைப் பார்த்தார்.

"இது என்ர வண்டியாட்ட இருக்குதுங்களே."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "இப்ப என்னுதுங்க. ஏறுங்க," என்றேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வண்டியின் இடப்பக்க சீட்டில் அவர் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்சத் தூரத்தில், மெதுவாகப் போன ஒரு சைக்கிள்காரரின் பின்னாலேயே நான் போனதும் அவருக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஏறிப் போங் அம்மிணி. அவன் ஒதுங்குவான்."

"அவரு போகட்டுமுங்க. நமக்கென்ன அவசரம்."

"ஹாரன் அடிங்."

அடித்தேன். அந்தச் சின்னச் சத்தம் வந்தது. அவர் டாஷ்போர்டையே பார்த்தார். "ஏனுங், அந்த ஹாரனு?"

"கழட்டிட்டேனுங்க."

உறவில் யாரோ தவறிப்போன செய்தியைக் கேட்டவர் போல 'ச்' கொட்டினார்.

பெண்கள் கடக்கிற இடம் வந்தது. ஷிஃப்ட் விடுகிற நேரம்தான். நிறுத்தினேன். யாரும் தயங்கவில்லை, பேசிக்கொண்டே ரோட்டில் இறங்கினார்கள். என் பின்னால் ஒரு சிவப்புக் கார் ஹாரனை விடாமல் அழுத்தியது. பிறகு வலப்பக்கம் ஏறி என் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டி நின்றது. ஓட்டிய இளைஞர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்: "ரோட்டை வெலைக்கு வாங்கிட்டியா? எடு வண்டியை!"

நான் பதில் சொல்லும் முன் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அவருக்குக் கோபம். முகம் சிவந்திருந்தது. அவர் இருக்கிற வண்டியைப் பார்த்து ஒருவன் கத்துகிறான். இத்தனை வருஷத்தில் நடந்திராத விஷயம். அந்த இளைஞருக்குப் பதில் கொடுக்க, ஸ்டீயரிங்கில் இருந்த என் ஹாரனை அழுத்த வந்தார். முன்னால் பாதி ரோட்டில் பெண்கள். என் ஹாரனைக் கேட்டு, வண்டி கிளம்புகிறது என்று சிதறினால் நேரே சிவப்புக் காரின் முன்னால்தான் போய் விழுவார்கள்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"கையை எடுங்க. ஓட்டறது நானுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கத்தவில்லை. இவரைப் போன்றவர்களின் வண்டி வந்தால் என் அம்மா கையில் சோற்றுத் தூக்குப் போசியோடு ரோட்டோரம் இறங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்று இவருடைய கையை நான் பிடித்திருக்கிறேன், இவரை எடுக்கச் சொல்கிறேன், அதிலும் இரண்டு 'ங்க' போட்டுச் சொல்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சேரிங் அம்மிணி," என்றார்.

வெளியே அந்தத் தேனிக்காரப் பெண் சிவப்புக் காரின் முன்னால் போய், சாப்பாட்டுப் பையோடு கையை உயர்த்தி நின்றிருந்தாள். கடைசிப் பெண் கடக்கும்வரை அவள் நகரவில்லை; காரும் நகரவில்லை. எல்லோரும் போன பிறகு சிரித்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு ஊருக்குப் போறேன், திருவிழா. என்னையத் தேடாதீங்க, இவளுக தனியா வந்துருவாளுக..." சொல்லிக்கொண்டே வந்தவள் உள்ளே பார்த்தாள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், ஒரு தகவல் மாதிரி அவரிடம் சொன்னாள்:

"முன்னாடி இந்த வண்டியப் பாத்தா நாங்க ஓடுவோம்ங்கய்யா. இப்ப இது வந்தாத்தான் ரோட்டத் தாண்டுறோம்."

"அப்படீங்ளா," என்றார் அவர். அவ்வளவுதான். அவள் எனக்குத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மங்கலம் ரோடு வரும்வரை அவர் கை மடியிலேயே இருந்தது. வண்டியை எடு, முந்து என்றும் சொல்லவில்லை. அவருடைய யூனிட் வாசலில் காவல்காரர் இந்த நம்பரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் பதறி எழுந்து, இரண்டு கதவையும் திறந்து சல்யூட் வைத்தார். கண்ணாடி இறங்கியிருந்ததால் உள்ளே நான் இருப்பதைப் பார்த்துக் குழம்பிப் போனார். "வணக்கமுங்க," என்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கும் ஒரு சல்யூட் வைத்தார்.

இறங்கும்போது ஓனர் கதவை மெதுவாகச் சாத்தினார். "இந்த வண்டி இத்தனை மெதுவாப் போகும்னு எனக்குத் தெரியாதுங் அம்மிணி," என்றார். கிண்டலா, பாராட்டா, இன்றுவரை தெரியாது. கொஞ்சம் நின்று, "விக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்," என்றார்.

"விக்கறதா இல்லீங்க."

சாம்பிளை இழுத்துப் பார்த்தேன். இந்த முறை வெடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். மாறவில்லை. அவருடைய புது வெள்ளை வண்டியை அடிக்கடி எதிரில் பார்க்கிறேன். முழு விளக்கு, காற்று ஹாரன், எல்லாம் அப்படியே. என் வண்டியைக் கண்டால் மட்டும் விளக்கைத் தணிக்கிறார். தெரிந்தவர்களுக்கு மரியாதை கொடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குக் கொடுப்பதில்தான் கஷ்டமெல்லாம். ஆனாலும் ஒரு வண்டிக்காவது அவர் விளக்கைத் தணிக்கிறாரே. அந்த வெளிச்சம் இறங்குகிற போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்காருகிறேன். மறைப்பானேன்.

போன மாதம் சாமளாபுரம் போகிற வழியில் டயர் பஞ்சர். நல்ல வெயில், மரம்கூட இல்லாத இடம். ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டு, போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முதலில் சைக்கிளில் போன இரண்டு வடநாட்டுப் பையன்கள் நின்றார்கள். எனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. "தீதீ, ஹம் கர்தேங்கே, சாவி குடு" என்று, நாங்கள் செய்கிறோம் அக்கா என்கிற மாதிரி, ஸ்பானரை வாங்கிக்கொண்டார்கள். பிறகு, தறிக்குப் போகிற, நூல் சுற்றிய பாவு உருளைகளை ஏற்றிய ஒரு டெம்போ எங்களைக் கடந்து போய், நின்று, அத்தனை பாரத்தோடு பின்னாலேயே வந்தது. பாவு ஏற்றியவர் நிற்கவே மாட்டார். அங்கே தறி காத்துக்கொண்டிருக்கும். டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நடுவயதுக்காரர். நம்பரைப் பார்த்தார், வண்டியைச் சுற்றி வந்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது அந்த மெதுவாப் போற வண்டிதானுங்களே?"

"ஆமாங்க," என்றேன். "அதே வண்டிதானுங்க."

"இதும் பின்னால மாட்டுனா ஊட்டுக்குப் போய்ச் சேர முடியாதுன்னு எங்காளுக சொல்லுவாங்க," என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி டெம்போவில் போட்டார். "தள்ளுங்க, இதெல்லாம் நீங்க செய்யற சோலியா." பையன்களிடமிருந்து ஸ்பானரை வாங்கி, காலால் ஏறி மிதித்து முதல் போல்ட்டைத் திருப்பினார்.

நான் ரோட்டோரம் நின்று, கிரீஸ் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னதைக் கணவரிடம் எந்த வார்த்தையும் விடாமல் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.